லோஞ்சைப் பார்த்து வைக்கிற உலை

குறிகட்டுவானில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவன் விடியக் காலமை எழும்பி முதலில் பார்ப்பது காற்றை. அரிசி அளப்பது அதற்குப் பிறகுதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிடும் 776 ஆம் இலக்க பஸ் பண்ணைப் பாலத்தைத் தாண்டி, வேலணைக்குள்ளால் வந்து, வாணர் தாம்போதியில் இரண்டு பக்கமும் கடல் பார்த்து ஓடி, புங்குடுதீவின் மறு அந்தத்தில் எங்கள் துறையடியில் நிற்கும். அதற்கு மேல் றோட்டு இல்லை. நயினாதீவுக்கு இங்கிருந்து கால் மணித்தியாலக் கடல். நெடுந்தீவு என்றால் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாது, காற்று எதிர்த்தால் இன்னும் கூடும். அனலைதீவும் எழுவைதீவும் ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கணக்கு, அந்த ஆட்கள் எங்களிடம் வருவது குறைவு. ஆகவே என் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒன்றில் பஸ்ஸால் இறங்கினவர்கள், இல்லாவிட்டால் லோஞ்சால் இறங்கினவர்கள். பசித்ததால் கடையைத் தேடி வந்தவர் மிகக் குறைவு. அடுத்தது வரும்வரை நிற்க வேண்டியிருப்பதால் உள்ளே வருகிறார்கள், வந்து இருந்த பிறகுதான் பசி தெரிகிறது.

லோஞ்ச் ஒரு மணித்தியாலம் பிந்தினால் எனக்கு நல்ல நாள். ஓடவே இல்லை என்றால் நட்டம். கடல் சரியில்லை, சேவை இல்லை என்று அறிவித்த உடனே சனம் அதே பஸ்ஸில் ஏறிப் போய்விடும், கோபத்தில் இருக்கிறவனுக்குச் சோறு இறங்காது. சோளகம் பெயர்ந்த மாதங்களில் நெடுந்தீவுக் கடலை நம்ப ஏலாது. மாரியில் வாடையோடு மழையும் சேர்ந்துவிடும். அந்த நாட்களில் நான் பால்கறி வைப்பதில்லை. தேங்காய்ப்பால் விட்ட கறி மத்தியானம் தாண்டினால் முகம் சுழிக்கும். புளி விட்டு வற்றக் காய்ச்சின மீன்கறி மறுநாளும் நிற்கும், உண்மையில் மறுநாள்தான் அதற்கு ருசி. காற்றுச் சந்தேகமான நாளில் அடுப்பில் முதலில் ஏறுவது புளிக்கறி. பிறகு பருப்பு. சம்பல் இடித்து வைத்தால் பின்னேரம்வரை பாதகமில்லை. புட்டுக்கு மா வறுத்து வைத்திருப்பேன், ஆள் வந்து குந்தின பிறகு கொத்தி, நீத்துப்பெட்டியில் போட்டு அவிக்கலாம். சோறு மட்டும் கடைசி. நயினாதீவுப் பக்கமிருந்து வருகிற லோஞ்ச் கண்ணுக்குத் தெரிந்த பிறகு கிடாரத்தில் அரிசி போட்டால், அவர்கள் கரையிறங்கி, கால் கழுவி, செருப்பைத் தேடி, ஆளை ஆள் கூப்பிட்டு, பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்து முடிக்கச் சோறு வடிக்கும் பதத்துக்கு வந்துவிடும்.

மிஞ்சின சோறு கழிவில்லை. இரவு தண்ணீர் ஊற்றி வைத்தால் விடியப்புறம் லோஞ்சுக்காரர் வந்து பழஞ்சோறு கேட்பார்கள். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், முதல் நாள் மீன்கறியின் சட்டியில் ஒட்டினது. சில பெடியள் சட்டியையே கேட்பான்கள். “அண்ணை, அந்தச் சட்டிக்குள்ள சோத்தைப் போட்டுப் பிரட்டித் தாங்கோ” என்று ஒருவன் தொடங்கினால் மற்றவன் விடமாட்டான். எங்கள் கடையிலே பட்டியலில் இல்லாத, ஆனால் ஒரு நாளும் மிஞ்சாத சாப்பாடு அதுதான்.

தீவில் கடைச் சாப்பாடு சாப்பிடுகிறவன் என்றால் அவனுக்கு அந்த ஊரில் வீடில்லை, சொந்தமில்லை என்று அர்த்தம். உள்ளூர்க்காரன் ஒருவன் கடைக்குள் இருந்து சோறு தின்றால் பொழுதுபடுவதற்கு முதல் கதை வீட்டுக்குப் போய்விடும். “ஏன், மனிசி கோவமோ?” என்று கேட்பார்கள். வெளியே போய்க் குடும்பமாய்ச் சாப்பிடுகிற வழக்கம் எங்களிடம் இருந்ததில்லை. கோயில் மடத்தில் சாப்பிடலாம், கலியாண வீட்டில், அந்தியேட்டி வீட்டில் சாப்பிடலாம், அவை எல்லாம் ஒருவிதத்தில் வீடுதான். காசு கொடுத்துச் சாப்பிடுவதில் ஒரு குறைச்சல் இருந்தது.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், இலங்கை முழுக்கச் சாப்பாட்டுக் கடை போட்டவர்கள் எங்கள் தீவார்தான். காரைதீவானும் காகமும் போகாத இடமில்லை என்று பழமொழியே உண்டு. புங்குடுதீவாரும் நயினாதீவாரும் வேலணையாரும் அதற்குச் சளைத்தவர்கள் இல்லை. கொழும்பு, காலி, மாத்தறை, பதுளை என்று பஸ் நிற்கிற சந்தி எதுவானாலும் ஒரு தீவான் கடை இருந்த காலம் உண்டு. மண் உவர், வயல் மழையை நம்பினது, வீட்டில் பிள்ளைகள் கனக்க. பெடியனுக்குப் பதின்மூன்று பதினாலு வயது வந்தால் ஒன்றில் படிப்பு ஏறவேண்டும், இல்லாவிட்டால் யாழ்தேவியில் ஏறவேண்டும். யாழ்ப்பாணப் பட்டணத்தில் நின்று ‘தீவான்’ என்று எங்களைப் பழித்தவர்களும் கொழும்புக் கோட்டையில் இறங்கினால் தீவான் கடையைத்தான் தேடினார்கள். நாக்கு கேட்கிற சொதி அங்கேதானே இருந்தது.

நான் தொழில் பழகியதும் அப்படித்தான். பெரியப்பாவின் கடை கொழும்பில், ஐந்துலாம்புச் சந்திக்குக் கிட்ட. கோப்பை கழுவுவதில் தொடங்கி, மேசை துடைத்து, தேத்தண்ணி ஆற்றி, பரிமாறி, கடைசியில்தான் காசு லாச்சிக்குப் பக்கத்தில் போக விடுவார்கள். அந்த வரிசையை யாரும் தாண்டியதில்லை, முதலாளியின் சொந்தப் பிள்ளையும் தாண்டியதில்லை. மேசையில் ஒரு தட்டு நிறைய வடை, ரோல்ஸ், பற்றிஸ், கட்லற், வாய்ப்பன் அடுக்கி வைத்துவிடுவோம். தின்றதுக்கு மட்டும் காசு. ஆள் எழும்பும்போது தட்டில் மிஞ்சினதை ஒரு பார்வை பார்த்து, பட்டறைக்குக் கேட்கக் கணக்கைக் கூவவேண்டும். வைத்தது எத்தனை என்று மனதில் இருக்க வேண்டும், பக்கத்து மேசைத் தட்டிலிருந்து நீண்ட கையையும் கண்டிருக்க வேண்டும். எடுத்து அமத்திப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இன்றுவரைக்கும் மருந்து கண்டுபிடிக்கவில்லை.

1958 கலவரத்தில் எரிந்த கடைகளைத் திரும்பக் கட்டினார்கள். 1977 இல் எரிந்ததையும் கட்டினார்கள். 1983 யூலைக்குப் பிறகு கனபேர் கட்டவில்லை. பெரியப்பாவும் கட்டவில்லை.

எண்பதுகளின் நடுவில் நான் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தேன். லண்டனில் கொஞ்சக் காலம், பிறகு கென்ற் கவுன்ரியில் ஒரு ஊர்ப் பப்பின் குசினி. அங்கேயும் கோப்பை கழுவுவதில்தான் தொடக்கம், ஆனால் படி ஏறுவது கெதி. வெள்ளைக்காரனின் பப் என்றால் குடிக்கிற இடம் என்று நினைத்துக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய்ப் பார்த்தால் கிழவன் கிழவி, பேரப்பிள்ளை, நாய் எல்லாம் வந்து இருக்கும். மாட்டிறைச்சியை முழுசாக வாட்டி மெல்லிசாக அரிந்து, உருளைக்கிழங்கு, யோர்க்சயர் புடிங், அதற்கு மேலே கிரேவி. ஊரில் எல்லா வீட்டிலும் அடுப்பு இருக்க, வருசம் முழுக்க ஒவ்வொரு ஞாயிறும் வந்து காசு கொடுத்து அதையே சாப்பிடுவார்கள். வீட்டில் மனிசியோடு பிரச்சினையோ என்று யாரும் கேட்பதில்லை.

அந்த முதலாளியிடம் நான் படித்தது இரண்டு. ஒன்று, கரும்பலகை. அன்றைக்கு என்ன இருக்கிறதோ சோக்கால் எழுதுவார், முடிந்தால் அந்த இடத்திலேயே அழிப்பார். ‘இல்லை’ என்று ஒருவருக்கும் வாயால் சொல்லவேண்டியதில்லை. குறிகட்டுவானில் நானும் ஒரு பலகை மாட்டிப் பார்த்தேன். ஒருத்தரும் வாசிப்பதில்லை. பலகைக்கு முன்னால் நின்று, அதில் சாய்ந்துகொண்டே, “தம்பி, சாப்பிட என்ன இருக்கு?” என்று கேட்பார்கள். இருந்தாலும் மாட்டித்தான் வைத்திருக்கிறேன். எனக்கு அது நாளாந்தக் கணக்கு.

மற்றது, பீப்பாய். கென்ற் பக்கம் பியருக்குப் பேர்போன இடம், பேவர்ஷாமில் 1698 ஆம் ஆண்டிலிருந்து வடிக்கிறோம் என்று சொல்கிற கொம்பனி ஒன்று உண்டு. கொம்பனி அனுப்புகிற மரபுப் பியர் பீப்பாய்க்குள்ளும் நொதித்துக்கொண்டேதான் இருக்கும். நிலவறையில் கிடத்தி, அடையவிட்டு, திறந்த பிறகு இரண்டு மூன்று நாளுக்குள் விற்று முடிக்க வேண்டும். பிந்தினால் புளித்துவிடும். பீப்பாயை எப்போது திறப்பது என்று முதலாளி யோசிக்கிற விதம், எத்தனை பேர் வருவார்கள், மழை வருமா, பக்கத்து ஊரில் கிரிக்கற் ஆட்டம் இருக்கிறதா என்கிற விசாரணை, எல்லாம் எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. எங்கள் ஊர்க் கள்ளுக்காரர் காலையும் பின்னேரமும் முட்டியை வைத்துக்கொண்டு யோசித்ததும் இதைத்தான். என்ன, அவருக்கு மூன்று நாள் தவணை கிடையாது. காலமை இறக்கினது பின்னேரம் வேறு சாமான்.

நான் போன புதிதில் அங்கே பப்புகள் மத்தியானம் மூன்று மணிவாக்கில் பூட்டிப் பின்னேரம்தான் திரும்பத் திறந்தன. முதலாம் உலக யுத்தக் காலத்தில் தொழிற்சாலை வேலையாட்கள் குடித்துக் கெடாமல் இருக்கப் போட்ட கட்டுப்பாடு. 1988 இல்தான் சட்டத்தை மாற்றி வாரநாட்களில் நாள் முழுக்கத் திறக்க விட்டார்கள். இரவு பூட்ட முதல் மணி அடித்து ‘லாஸ்ற் ஓர்டர்’ என்று கூவுவது மட்டும் நிற்கவில்லை. அந்த மணிக்கு எழும்புகிற அவசரத்தை இன்று துறையடியில் லோஞ்சின் கோர்ன் சத்தத்துக்குக் காண்கிறேன்.

இலங்கையில் யுத்தம் முடிந்த பிறகு ஊருக்குத் திரும்பி வந்தேன். 1991 இல் சனம் ஒரேயடியாய் வெளிக்கிட்ட ஊர் இது. வந்து பார்த்தபோது முக்கால்வாசி வீட்டுக்குக் கூரை இல்லை, ஆல் முளைத்த சுவர்கள். சனமில்லாத ஊரில் சாப்பாட்டுக் கடையா என்று எல்லாரும் கேட்டார்கள். நான் ஊருக்குக் கடை போடவில்லை, துறைக்குப் போட்டேன். 2010 அளவில் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சிங்களச் சனம் நயினாதீவு நாகவிகாரைக்கு வந்து இறங்கத் தொடங்கியிருந்தது. புத்தர் இரண்டாம் முறை இலங்கைக்கு வந்தபோது வந்த இடம் நாகதீபம் என்பது அவர்களுடைய மகாவம்சக் கதை. எங்களுக்கு நாகபூஷணி அம்மாள். ஒரே லோஞ்சில் இரண்டு சனமும் ஏறும்.

அந்தக் கூட்டத்தைப் பார்த்து அள்ளலாம் என்று கடை போட்டவர்கள் பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள். தெற்குச் சனம் யாத்திரை வரும்போது சட்டி பானை, அரிசி, தேங்காய், சமைக்கிற ஆள் எல்லாம் பஸ்ஸிலேயே கொண்டுவரும். றோட்டோரம் கல்லு வைத்துச் சோறு பொங்கிவிடுவார்கள். எங்களிடம் அவர்கள் வாங்குவது தேத்தண்ணி, வடை, தண்ணிப்போத்தல். திரும்பும்போது பனங்கட்டி, ஒடியல், கருவாடு. கழிப்பறை எங்கே என்று கேட்கிறவர் தொகைக்கு அதற்கே ஒரு கடை போடலாம். நான் அடுப்பைப் பெருப்பிக்காமல் தேத்தண்ணிப் பக்கத்தைப் பெருப்பித்தேன். போயா நாளில் மச்சம் எடுக்க வேண்டாம் என்பதை ஒரு முறை பார்த்தாலே விளங்கும்.

தமிழ்ச் சனத்துக்கு வேறு போட்டி. நயினாதீவில் அமுதசுரபி மண்டபத்தில் மத்தியானம் வருகிற எல்லாருக்கும் அன்னதானம். மணிமேகலைக்கு அட்சய பாத்திரம் கிடைத்த மணிபல்லவம் இந்த நயினாதீவுதான் என்று சொல்கிறவர்கள் நாங்கள், பாத்திரத்தின் பெயரையே மண்டபத்துக்கு வைத்திருக்கிறார்கள். பந்தியில் இருந்து சாம்பாரும் கறியும் பாயாசமும் எடுத்துவிட்டு வருகிறவனுக்கு என்னுடைய சோறு எதற்கு? ஆனி மாதத் திருவிழாக் காலத்தில் துறையடி முழுக்கச் சனம், என் கடையில் மத்தியானச் சோறு மட்டும் அசையாது. எனக்கு அதில் மனவருத்தம் இல்லை, ஏனென்றால் பந்தியில் சாப்பிட்டவன் கரைக்கு வந்ததும் முதலில் கேட்பது ஒரு நல்ல தேத்தண்ணி. திருவிழா முடியும்வரை கடைக்குள் மீன் வராது, சட்டியும் மாற்றிவிடுவேன். வெள்ளிக்கிழமைகளிலும் அப்படித்தான். மச்சச் சட்டியில் மரக்கறி வைத்தால் கண்டுபிடிக்கிற மூக்கு எங்கள் ஆச்சிமாருக்கு உண்டு.

நல்ல தேத்தண்ணி என்றேன். தீவில் அது தண்ணீரின் கதை. சுண்ணாம்புக் கல்லுக்கு மேலே இருக்கிற நிலம். கிணற்றில் நல்ல தண்ணீர் உவருக்கு மேல் மெல்லிய படையாகத்தான் மிதக்கும், கூட இறைத்தால் உவர் மேலே ஏறிவிடும். அந்தத் தண்ணீரில் தேயிலை போட்டால் சாயம் கறுக்கும், தெளிவு வராது, மேலே ஆடை மாதிரி ஒன்று படியும். பருப்பு எவ்வளவு நேரம் அவிந்தாலும் மசியாது. நான் பவுசர் தண்ணீர் காசுக்கு வாங்கித்தான் தேத்தண்ணி போடுகிறேன், மாரியில் கூரைத் தண்ணீரைத் தாங்கியில் பிடிக்கிறேன். பருப்புக்கும் அதுதான். சோற்றுக்கும் கழுவலுக்கும் கிணறு. ஒரு கிளாஸ் பால் தேத்தண்ணி ஏன் யாழ்ப்பாண விலையைவிடக் கூட என்று சண்டைக்கு வருகிறவர்களை உள்ளே கூப்பிட்டு இரண்டு தண்ணீரிலும் வெறுந்தேத்தண்ணி ஊற்றிக் குடிக்கக் கொடுத்திருக்கிறேன். பிறகு பேச்சிருக்காது.

மீன் விசயத்தில் எங்களுக்குக் குறையில்லை என்று வெளியார் நினைக்கிறார்கள். காலமை கரையில் மீன் கூறும்போது போய் நின்று பார்க்க வேண்டும். ஒரா, விளை, பாரை, திருக்கை, கணவாய் கைக்கு வரும். நண்டுதான் பகை. கையளவு கல்லு நண்டும் இறாலும் கரைக்கு வர முதலே கொம்பனிக்காரரின் ஐஸ் பெட்டிக்குப் பேசி முடிந்திருக்கும். இலங்கை நண்டுக்குச் சிங்கப்பூரில் தனிப்பேர், கொழும்பில் நண்டுக்கென்றே 2011 இல் பெரிய ரெஸ்ரோறன்ற் திறந்தார்கள். ஊர்காவற்றுறை நண்டை நன்றாகச் சாப்பிட வேண்டுமானால் ஊர்காவற்றுறைக்கு வருவது சரியான வழி என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். எங்களுக்கு மிஞ்சுவது நடுத்தர நீலக்கால் நண்டு. அதைத் தட்டி, சின்ன வெங்காயம், வெந்தயம், யாழ்ப்பாணத் தூள் போட்டு, இறக்கிற நேரம் முருங்கையிலை கிள்ளிப்போட்டு வைத்தால் ஒரு குறையும் தெரியாது. பெரிய நண்டு கண்ணுக்கு, சின்ன நண்டு குழம்புக்கு என்பது என் கட்சி.

2022 ஆம் ஆண்டு காஸ் சிலிண்டர் இல்லாமல் போனபோது கொழும்புக் கடைகள் பூட்டின. நாங்கள் காவோலை மூட்டிப் பனம்மட்டையும் பொச்சுமட்டையும் எரித்தோம். தீவில் விறகுக்குப் பஞ்சமில்லை. எங்களைப் பிடித்தது மண்ணெண்ணெய்தான், வள்ளக்காரருக்கு அது கிடைக்காமல் மீன் வரவில்லை. அந்த மாதங்களில் கருவாடும் முருங்கைக்காயும் கத்தரிக்காயும் என் கடையைக் காப்பாற்றின.

பப்பைப் பற்றிச் சொன்னவன் எங்கள் கள்ளுத் தவறணையைச் சொல்லாமல் விடக்கூடாது. குத்தகைத் தவறணை முறை 1972 இல் மாறி, கள் விற்பனை சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்களிடம் வந்தது. சங்கக் கொட்டிலில் நேரம் உண்டு, விலைப்பலகை உண்டு, போத்தலில் அடைத்ததும் உண்டு. நான் பெடியனாய் எட்டிப் பார்த்த கொட்டிலில் பனையோலைப் பிளாவில் ஊற்றுவார்கள். இரண்டு கையாலும் பிடித்து ஒரேயடியாய்க் குடிக்க வேண்டும், கீழே வைக்க ஏலாது. வாசலில் ஒரு ஆச்சி தாச்சியில் மீன் பொரித்துக்கொண்டிருப்பா. அவவின் உறைப்புக்குத்தான் கள்ளு விலைப்பட்டது என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன். பொரித்த சூடை, அவித்த கடலை, கணவாய்ப் பிரட்டல். கென்ற்றில் வெள்ளிக்கிழமை மீனும் சிப்ஸும் பொரித்துப் போடும்போது உப்பையும் வினாகிரியையும் தவிர ஒன்றும் கேட்காத சனத்தைப் பார்த்து, அந்த ஆச்சியின் இடிச்ச மிளகாய்த்தூளை நினைத்துக்கொள்வேன்.

ஆனால் தவறணையைப் புகழ்ந்து பாட என்னால் ஏலாது. கென்ற்றுப் பப்பில் கணவனும் மனைவியும் ஒரே மேசையில் இருந்தார்கள். எங்கள் கொட்டிலில் பெண் என்றால் வாசலில் மீன் பொரிக்கிறவ மட்டும், அல்லது புருசனைத் தேடி வந்து படலையில் நின்று கூப்பிடுகிறவ. இன்னொன்றும் சொல்லவேண்டும். கள்ளை இறக்கினவனின் கையால் வாங்கிக் குடித்தவர்கள் அவனைத் தங்கள் தேத்தண்ணிக் கடைக்குள் ஏற விடவில்லை. வெளியே நிற்பாட்டிப் போத்தலிலும் சிரட்டையிலும் ஊற்றிக் கொடுத்தார்கள், உள்ளே இருந்தவனுக்கு மூக்குப்பேணி. 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தும் கடைகள் திறக்கவில்லை. அறுபதுகளின் கடைசியில் சங்கானைப் பக்கம் தேத்தண்ணிக் கடைக்குள் போவதற்காகச் சனம் அடிபட்டது. எங்கள் தொழிலின் வரலாற்றில் இது ஒரு பக்கம், சாப்பாட்டின் சிறப்பை எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். என் கடையில் கிளாஸ் எல்லாம் ஒரே கிளாஸ், ஒரே இடத்தில் கழுவுகிறது. தொடக்கத்தில் ஒரு பெரியவர் தன் வீட்டிலிருந்து தனக்கென்று பேணி கொண்டுவந்தார். அதையும் அந்த இடத்திலேயே கழுவினோம். பிறகு கொண்டுவரவில்லை.

இப்போது தீவகத்தில் மேசைத்துணி விரித்துச் சாப்பிட விரும்புகிறவர்களுக்கும் இடம் இருக்கிறது. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே கடலுக்குள் நிற்கிற ஒல்லாந்தர் கோட்டையைக் கடற்படை விடுதியாக நடத்துகிறது, 1971 இல் ஜே.வி.பி. தலைவர் விஜேவீரவை அடைத்து வைத்திருந்த கோட்டை. நெடுந்தீவில் குதிரையும் பெருக்கு மரமும் பார்க்க வருகிறவர்களுக்கு வீடுகளிலேயே சமைத்துக் கொடுக்கிறார்கள். காலமை லோஞ்சில் ஏற முதல் தொலைபேசியில் சொல்லிவிட்டால் மத்தியானம் வாழையிலையோடு காத்திருப்பார்கள். என்னைக் கேட்டால் தீவுக்குப் பொருந்தின முறை அதுதான். முன்கூட்டிச் சொல்லாமல் வந்து இறங்குகிறவனுக்குக் கடல் நடுவில் என்னத்தைச் சமைத்து வைத்திருப்பது? 2017 இல் அவுஸ்திரேலிய உதவியோடு நெடுந்தாரகை என்ற புது லோஞ்ச் நெடுந்தீவுக்கு ஓடத் தொடங்கியபோது இனிக் காற்றைப் பார்க்கத் தேவையில்லை என்று கதைத்தார்கள். பழைய லோஞ்சான குமுதினி ஓடாத நாளைப் போல அது ஓடாத நாளும் வந்தது. 1985 மே 15 இல் நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்ட அதே குமுதினியைத் திருத்தித் திருத்திப் பிறகும் ஓட்டின ஊர் இது. எங்களுக்குப் பழைய லோஞ்சிலும் புதிய லோஞ்சிலும் கணக்கு ஒன்றுதான்.

யூலை, ஓகஸ்ட் என்றால் வெளிநாட்டுச் சனம் வரும். பரிஸ், சூரிச், ரொறன்ரோ, லண்டன். புங்குடுதீவார் பாதிப்பேர் அங்கேதானே. அவர்களில் கனபேர் பரிஸிலும் சுவிஸிலும் ரெஸ்ரோறன்ற் குசினிகளில் நிற்கிறவர்கள், என்னுடைய அடுப்பை ஒரு தொழில்காரனின் கண்ணால் பார்ப்பார்கள். கத்தி மொட்டை என்று ஒருவர் தானே தீட்டித் தந்துவிட்டுப் போனார். அவர்களின் பிள்ளைகளுக்கு உறைப்பு ஏறாது, கொத்துரொட்டிக்கு மிளகாய் குறைக்கச் சொல்வார்கள். தாய் தகப்பன் கேட்பது ஒன்றே ஒன்று. கடைக்குள் காலடி வைத்ததும், “அண்ணை, கூழ் இருக்கோ?”

இல்லை. கூழ் கடைச் சாமான் இல்லை. ஒடியல் மாவை முதல் நாளே ஊறவைத்து, கசப்புப் போகும்வரை தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும். மீன்தலை, நண்டு, இறால், கணவாய், திருக்கைத் துண்டு எல்லாம் அன்றைக்குக் கூறினதாக இருக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் ருசி இறங்கிவிடும். பயத்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, ஒரு பிடி அரிசி அவிந்த பிறகு கடலுணவு, அதற்குப் பிறகு செத்தல் மிளகாய்க் கூட்டும் புளியும் கரைத்த மாவும். மா போட்டால் அகப்பையைக் கையிலிருந்து விடக்கூடாது, அடிப்பிடித்தால் முழுப் பானையும் வீண். இதை ஒரு கிளாஸ், இரண்டு கிளாஸ் என்று லோஞ்ச் நேரத்துக்கு ஊற்றி விற்க ஏலாது. இறக்கினதும் வட்டமாய் இருந்து, வேர்க்க வேர்க்க, பிளாவை நீட்டி நீட்டிக் குடித்து முடிக்க ஆட்கள் வேண்டும். ஆறின கூழைப் பிறகு சூடாக்கித் தருகிற கடை எங்கேயாவது இருந்தால் அதற்குள் போகாதீர்கள்.

ஆகவே பலகையில் ஒரு வரி மட்டும் நான் அழிப்பதில்லை. கூழுக்கு முதல் நாள் சொல்லவேணும், பத்துப் பேருக்குக் குறைய என்றால் அடுப்பு மூட்டப்படாது. அதையும் ஒருத்தரும் வாசிப்பதில்லை, வந்து கேட்கிறார்கள், நானும் வாயால் சொல்லி அனுப்புகிறேன். போன ஆடியில் ரொறன்ரோக் குடும்பம் ஒன்று ஆறு பேர் வந்து நின்றது. பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்ற நெடுந்தீவு ரீச்சர்மார் நாலு பேர், “நாங்களும் வாறம், நாளைக்கு எங்களையும் சேருங்கோ” என்றார்கள். மாவை ஊறப்போட்டேன்.